மச்சானைக் கூட்டிப்போன இடம்

பிப்ரவரி 9
நீச்சல் குளத்தில் இன்று மானம் போயிற்று. நாடாவை முடிய மறந்து குதித்தேன். நான் ஒரு பக்கம், கால்சட்டை ஒரு பக்கம். மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கரையில் நின்று படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். மறைக்கவேண்டிய இடத்தில் சிரிக்கும் பொம்மை ஒன்றை ஒட்டியிருந்தான், புண்ணியவான்.
மகளும் பார்த்தாள். "மாமா போற போட்டிக்கு நீயும் போறேன்னு கிளம்பிடாதப்பா."
யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும். அவள் சிரித்திருக்க வேண்டாம்.

பிப்ரவரி 10
பெயர் கொடுத்துவிட்டேன். ஏரியில் நான்கு கிலோமீட்டர் நீச்சல், கரையேறி சைக்கிள், பிறகு ஓட்டம். நீச்சலுக்குக் கெடு உண்டு. தாண்டினால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். மற்றது எப்படியோ போகட்டும். மகள் பார்க்க, தண்ணீரிலிருந்து நான் முதலில் எழுந்து வரணும். அவன் பின்னால் வரணும். அது போதும்.

மார்ச் 2
லிஃப்ட் பழுது பார்க்கப் போன கட்டடத்தில், குழிக்குள் நின்று மூச்சடக்கிப் பழகினேன். மேலே காத்திருந்த அம்மாள், உள்ளே ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று வாட்ச்மேனைக் கேட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 18
தலையைத் தூக்கி வழி பார்க்கச் சொல்லித் தருகிறாள் பயிற்சிக்காரப் பெண். நீச்சல் குளம் மாதிரி ஏரியில் அடியில் கோடு கிடையாது. மிதவையைப் பார்த்துத்தான் போகணுமாம். "பாக்கலன்னா எதிர்க்கரையில ஏறுவீங்க சார்."
மச்சான் தலையே தூக்குவதில்லை. முன்னால் போகிறவன் காலை ஒட்டியே போகிறான். முன்னவன் தண்ணீரைக் கிழிப்பான், பின்னவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். இது தப்பில்லையாம்.

ஜூன் 6
அவன் வேகத்துக்கு வந்துவிட்டேன். அவனும் கவனித்திருக்கிறான். "போட்டியில உங்க பின்னாடியே வந்துடறேன் அத்தான். சைக்கிளுக்குத் தெம்பு மிச்சமாகும். நீங்க எப்படியும் அதுல தேறமாட்டீங்க."
வாடா ராஜா, வா. நடு ஏரிக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வருகிறேன்.

ஜூன் 7
தூக்கமில்லை. சந்தோஷத்தில்தான்.

ஜூலை 12
போட்டி. சொன்னபடி பின்னால் வந்தான். அவன் விரல் என் பாதத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. மிதவையை விட்டு விலகினேன். விலகிக்கொண்டே போனேன். மற்றவர்கள் சத்தம் ஓய்ந்ததும் மிதவைப் பக்கம் திரும்பி, அவனை விட்டுவிட்டு ஒரே மூச்சில் நீந்தினேன்.
பின்னால் "அத்தான்" என்றான். "அத்தான், போயிடாதீங்க." திரும்பினால் கையைக் காலை அடித்துக்கொண்டிருக்கிறான், முகம் வெளுத்து. என்னடா இது, மாவீரன் ஆச்சே நீ? மீட்புப் படகு எங்கோ புள்ளியாய். போய்ப் பிடித்தேன். மல்லாந்து படுக்கச் சொல்லி, தோளைப் பிடித்தபடி மெல்ல மெல்லக் கொண்டுவந்தேன்.
கெடு தாண்டிவிட்டது. இரண்டு பேருக்குமே சைக்கிள் இல்லை.

ஜூலை 13
போட்டியை விட்டுவிட்டு அத்தான் என்னோடு நின்றார் என்று போனில் ஊரெல்லாம் சொல்கிறான். தாங்கவில்லை. "நான்தான்டா உன்னை அங்க இழுத்துட்டுப் போனேன்" என்று உண்மையையே சொன்னேன். பழியையும் தன்மேல் போட்டுக்கொள்கிறார் பாருங்கள் என்று அதையும் சேர்த்துச் சொல்கிறான். மகள் காலையிலிருந்து என் பக்கத்தை விட்டு நகரவில்லை.
அவன் முதல் தடவை கூப்பிட்டபோதே எனக்கு நன்றாகக் கேட்டது. இன்னொரு தடவை கெஞ்சட்டும் என்றுதான் இருந்தேன். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.