கை பொறுக்கும் சூடு

9 ஜனவரி 1973
வெளிக்கடலில் கப்பல் நங்கூரம் போட்டதும் எந்த லாஞ்ச் படகு முதலில் போய்ச் சேருகிறதோ அதற்குத்தான் ஆள், சாமான் ஏற்றும் வேலை. ஆகவே எப்போதும் முழு வேகம். இன்று எஞ்சினில் ஆயில் கருகும் வாடை. டிரைவர் சிலுவை அண்ணன் ஆயில் பைப்பை முழுக் கையால் பிடித்துப் பார்த்து, “கை பொறுக்கு, ஓடட்டும்லே” என்றார். முதலாளி பொன்னுதுரைக்கும் அந்தக் கைதான் கணக்கு; ஆயில் சூடு காட்டும் மீட்டர் வாங்க மாட்டார். எஞ்சின் பார்க்கும் நானும் விரல் வைத்தேன். ஒரு நொடி தாங்கவில்லை. ஒரே பைப்பில் இரண்டு சூடா?

11 ஜனவரி
ரசாயன ஆலையில் வேலை பார்க்கும் கிளாட்வினிடம் தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் அளவுக்கம்பியை உருவி, அந்தத் துளையில் தெர்மாமீட்டரை இறக்கினேன். நூற்றிருபத்தெட்டு டிகிரி! கூலிங் தண்ணீர் எண்பதுதான். தண்ணீர் சரியாக இருந்தால் ஆயிலும் சரி என்று நினைத்திருந்தேன் — டிப்ளமா படித்த மடையன்.

12 ஜனவரி
ஆயில் கூலரைக் கழற்றினோம். கடல்நீர் ஓடும் குழாய்களில் பாதி சிப்பிக் குஞ்சு. சுரண்டியபின் முழு வேகத்தில் நூற்றெட்டு. ஆனாலும் நேரம் ஆக ஆக ஏறுகிறது.

16 ஜனவரி
சிலுவை அண்ணன் உள்ளங்கையில் பெரிய கொப்புளம். எப்போது சுட்டது என்று கேட்டேன். “எங்க?” என்றார். அப்புறம்தான் குனிந்து பார்த்தார். சுண்டுவிரலும் லேசாக மடங்கியிருக்கிறது. கண்ணை மூடச் சொல்லி ஊசியால் தொட்டேன்.
“தொடுலே” என்று காத்திருந்தார்.
நான் தொட்டு முடித்திருந்தேன்.

20 ஜனவரி
தொழுநோய். மாத்திரை சாப்பிட்டால் யாருக்கும் தொற்றாது, உணர்வு திரும்புவதுதான் சந்தேகம் என்றார் டாக்டர். வெளியே வந்து அண்ணன் சொன்னார்: “முதலாளிக்குத் தெரிஞ்சா அங்கனயே இறக்கி விட்டுருவான். மூணு பிள்ளைய வச்சிருக்கேன்.”
இத்தனை வருஷம் அந்தக் கையைக் காட்டி மீட்டர் வாங்காமல் தப்பித்தவன், நாளை அந்தக் கை தொட்ட டம்ளரைத் தூக்கி எறிவான். தூ.

23 ஜனவரி
மீட்டர் கேட்டேன். சிலுவை கை இருக்கும்போது எதற்கு என்றார் முதலாளி. “எனக்குக் கை பொறுக்கல முதலாளி” என்றேன். “டிப்ளமா கைல்லா” என்று அவர் சிரிக்க, சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆயில் சூடேறிப் பேரிங் உருகினால் லாஞ்ச் ஒரு மாதம் கரையில் கிடக்கும் என்றேன். சிரிப்பு நின்றது. வாங்கிக்கொள் என்றார்.

5 பிப்ரவரி
மீட்டர் பூட்டியாயிற்று. நூற்றுப்பதினைந்தில் சிவப்புக் கோடு; முள் அதைத் தொட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

9 பிப்ரவரி
பாதி வழியில் சிலுவை அண்ணன் தானாகவே வேகத்தைக் குறைத்தார். அடுத்த லாஞ்ச் எங்களை முந்திக் கப்பலைப் பிடித்துவிட்டது. கரையேறியதும் முதலாளி என்மேல் பாய்ந்தார், எல்லாம் என் மீட்டரால் வந்த வினை என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.
“அவன ஏசாதீங்க முதலாளி. நாந்தான் குறைச்சேன். நூத்திப்பதினஞ்சு.”
அவர் ஒரு எண் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.