நோட்டின் முதல் பக்கம்

மதுரை
4.1.2009

அன்புத் தம்பி நாகநாதனுக்கு,

அக்கா பூமயில் எழுதுவது. நான் நலம். நீயும் சோலையம்மாளும் நலம்தானே? அவளுக்கு இது ஏழாவது மாதம். தண்ணீர்க் குடம் தூக்க விடாதே.

எனக்கு மெயில் பெட்டி திறந்து கொடுத்தவனே நீ. உனக்கே போய்த் தபாலில் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். காரணம் இருக்கிறது.

நீ என்னிடம் அனுப்பிவைத்த பெரியபட்டினத்து சல்மாவின் வழக்குதான். அவள் கணவர் சலாஹுதீனை நடுக்கடலில் இலங்கைக்குக் கடத்தும் பேட்டரி மூட்டைகளோடு பிடித்ததாகப் போலீஸ் எழுதியிருக்கிறது. பிடித்தது கரையில், பட்டப்பகலில், வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த இடத்தில். பார்த்த சாட்சிகள் இரண்டு பேர், ஐஸ் வண்டி பாக்கரும் மீன் விற்கும் காலிதாவும். அந்தப் பெயர்களை சென்னையில் இருக்கும் என் சீனியருக்கு ஒரே ஒரு மெயிலில் எழுதினேன். நாலாம் நாள் இருவர் வீட்டு வாசலிலும் ஜீப் நின்றது. இப்போது கேட்டால், "நாங்க ஒண்ணும் பாக்கல லாயரக்கா" என்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் சலாஹுதீனுக்கு ஜாமீன் கிடையாது.

உன் கடைக்கு யாராவது வந்தார்களா? கடற்படை விமானதளத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறாய், அதனால்தான் கேட்கிறேன். உன்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு டைப் அடிக்கத் தெரியாது. நீயே பெட்டி திறந்து, நீயே பாஸ்வேர்டு வைத்து, மறந்துவிடுவார்கள் என்று நீள நோட்டில் எழுதியும் வைக்கிறாய். கிழித்துப் போடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

நாங்கள் பதினோரு வழக்கறிஞர்கள் சேர்ந்து எம்.பி.க்களுக்கு ஒரு மனு அனுப்புகிறோம். ஒருவருடைய கடிதம் காகிதத்தில் இருந்தாலும் கம்ப்யூட்டரில் இருந்தாலும் கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் திறக்கக்கூடாது, அதை அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகளில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம். தபால் உறையைப் பற்றியே அதில் ஒரு சொல் கிடையாது, மெயிலுக்கு எங்கே போக? அந்த வரியை எழுதியது நான். உன் அக்கா என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்.

உடனே பதில் போடு.

பிரியமுள்ள அக்கா
பூமயில்


உச்சிப்புளி
11.1.2009

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி நாகநாதன் வணக்கம். சோலையம்மாள் நலம். புளிப்பாக எதைக் கண்டாலும் கேட்கிறாள். கமுதியில் நம் மிளகாய்ச் செடி முக்கால்வாசி சுருட்டை விழுந்துபோச்சு. அய்யா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீங்கள் ஒரு போன் போட்டால் தெளிவார்.

கடைக்கு யாரும் வரவில்லை. எப்போதும் போல ஸ்டேஷனிலிருந்து வந்து ரிஜிஸ்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். நோட்டு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைக் கிழித்தால் நாளைக்குக் காலையிலேயே, "என் நம்பரு என்ன தம்பி" என்று முப்பது பேர் வந்து நிற்பார்கள். நீங்கள் மதுரையில் இருந்துகொண்டு சொல்வது சுலபம்.

நீங்கள் எழுதிக் கொடுத்த போர்டு சுவரில் அப்படியேதான் இருக்கிறது. "உங்கள் கடிதம் உங்களுடையது." வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, இங்கே தபாலும் எழுதித் தருவீர்களா என்று கேட்கிறார்கள்.

வழக்கில் நீங்கள் ரொம்ப ஆழமாகப் போக வேண்டாம் அக்கா. சலாஹுதீன் நல்லவர்தான். ஆனால் இது கடலோரம்.

தங்கள் தம்பி
நாகநாதன்


மதுரை
2.2.2009

தம்பி நாகநாதனுக்கு,

நேற்று காலிதா வந்திருந்தாள். மீன் கூடையின் அடியில் மடித்துவைத்த ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். மிரட்டுவதற்காகப் போலீஸ் அவள் முன்னால் வீசியது அது. பொறுக்கி ஒளித்துவைத்திருக்கிறாள். படிக்கத் தெரியாதவளுக்கு அது முக்கியமான காகிதம் என்று தெரிந்திருக்கிறது.

நான் சீனியருக்கு அனுப்பிய மெயிலின் ஜெராக்ஸ்.

அதன் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு. உன் மெஷின் கண்ணாடியில் உள்ள கீறல். அம்மாவின் இறப்புச் சான்றிதழை நீ ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாயே, அதிலும் இதே கோடு, இதே இடத்தில். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஊரார் பாஸ்வேர்டைப் பற்றிக் கவலைப்பட்டேனே, என்னுடையதும் அந்த நோட்டில் இருப்பது ஞாபகம் வரவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ வைத்துக் கொடுத்தது. அம்மா பெயர், வெள்ளையம்மாள், கூடவே நான் பிறந்த வருஷம். அதை மாற்ற மனசு வரவில்லை. தினமும் காலையில் ஒரு தடவை அம்மா பெயரை அடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. உன் நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரி நான்தான், இல்லையா?

என் தப்புக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நடந்ததை நீ எழுது. மிரட்டி வாங்கினார்கள், கோர்ட் உத்தரவு காட்டவில்லை என்று ஒரு பிரமாண வாக்குமூலம் கொடு. இருபதாம் தேதி ஜாமீன் மனு வருகிறது. பாக்கரும் காலிதாவும் ஏன் பின்வாங்கினார்கள் என்று நீதிபதிக்கு அது ஒன்றுதான் சொல்லும்.

அக்கா


உச்சிப்புளி
9.2.2009

அக்காவுக்கு,

பொய் சொன்னது தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி காலையில் நாலு பேர் வந்தார்கள். வெளியூர்ப் போலீஸ். நோட்டை எடுத்துப் பிரித்து முதல் வரியைப் பார்த்ததும், "ஏலே, யாருடா இந்த அக்கா" என்றார்கள். சொன்னேன். ஒருத்தர் மற்றவரைப் பார்த்துச் சிரித்தார். திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தேன். ரெண்டு காப்பி கேட்டார்கள். நானே பிரிண்ட் எடுத்து, நானே ஜெராக்ஸ் போட்டு, நானே பின் அடித்துக் கொடுத்தேன். சோலையம்மாள் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே, இவனையும் ஜீப்பில் ஏத்து என்றார் ஒருத்தர்.

அவர்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களுக்கு ஐந்து தடவை போன் பண்ணினேன். அணைத்து வைத்திருந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று மறுநாள் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மின்னஞ்சல் உரிமை பற்றிக் கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தீர்கள். போட்டோகூட நன்றாக வந்திருந்தது.

போர்டு எழுதிக் கொடுத்தீர்கள். அந்த நாலு பேர் வந்தால் போர்டுக்குப் பின்னால் போய் நிற்கவா முடியும்?

வாக்குமூலம் கொடுக்க முடியாது. சொந்த விருப்பத்தின் பேரில் கொடுத்தேன் என்று அன்றைக்கே எழுதி வாங்கிக்கொண்டார்கள். இனி மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று வக்கீலான உங்களுக்குத் தெரியும்.

நாகநாதன்


மதுரை
14.2.2009

நாகநாதா,

போன் அணைந்திருந்தது உண்மை. அது சாகும்வரை உறுத்தும்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். அரசமைப்புச் சட்டத்தில் எவ்வளவு நல்ல வரியைச் சேர்த்தாலும் அது அரசாங்கத்தின் கையைத்தான் பிடிக்கும். நானாக எடுத்து நீட்டினேன் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டால், அது பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். "சொந்த விருப்பத்தின் பேரில்" என்ற உன் சொல்லால் அவர்கள் செய்த அத்தனையும் சரியாகிவிடுகிறது.

பயந்ததை நான் குற்றமாகச் சொல்லவே இல்லை. பயந்தேன் என்று எழுது, அதுதான் எனக்கு வேண்டும். பயந்து கொடுத்தது விருப்பம் ஆகாது என்று வாதாடிக் காட்டுகிறேன். உன்னை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் மாட்டுத்தாவணியில் வந்து நிற்கிறேன். ராமநாதபுரம் பஸ் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

அக்கா


உச்சிப்புளி
20.4.2009

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அன்றைக்கு நீங்கள் கடைசி பஸ் வரை நின்றதாக அய்யா சொன்னார். நான் உச்சிப்புளி நிறுத்தம் வரை வந்தேன். நம்பினால் நம்புங்கள்.

ஜாமீன் தள்ளுபடி என்று கேள்விப்பட்டேன். சல்மா படகை விற்றுவிட்டாளாம். கடைக்கு இப்போது பெரியபட்டினத்து ஆட்கள் யாரும் வருவதில்லை. மற்றவர்களும் குறைந்துவிட்டார்கள். நோட்டை எரித்துவிட்டேன். யாரும் கேட்டு வரவில்லை.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உங்கள் நெற்றி. மே பத்தாம் தேதி கமுதியில் பேர் வைக்கிறோம். அத்தை வந்து மடியில் வைத்து மூன்று தடவை காதில் பேரைச் சொல்ல வேண்டும். நீங்கள் இல்லாமல் நம் வீட்டில் அது நடந்ததே இல்லை. அம்மா பேரையே வைக்கலாமா என்று சோலையம்மாள் கேட்கிறாள்.

பழசை மறந்து வந்துவிடுங்கள் அக்கா.

தம்பி
நாகநாதன்


பதிவுத் தபால்
மதுரை
2.5.2009

பெறுநர்: திரு. நாகநாதன், உரிமையாளர், பிரவுசிங் சென்டர், உச்சிப்புளி.

ஐயா,

எனது மின்னஞ்சலை நீதிமன்ற உத்தரவின்றித் திறந்தது தொடர்பாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நான் மனுத் தாக்கல் செய்திருக்கிறேன். அதில் தாங்கள் மூன்றாம் எதிர்மனுதாரர். மனுவின் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. சொந்த விருப்பத்தின் பேரில் கொடுத்தீர்களா இல்லையா என்பதை இனி நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டும்.

தங்கள் இல்ல விழாவுக்கான அழைப்பு கிடைத்தது. எதிர்மனுதாரர் வீட்டு விழாவில் மனுதாரர் கலந்துகொள்வது முறையாகாது. குழந்தையின் காதில் சோலையம்மாளே பெயரைச் சொல்லட்டும்.

அம்மா பெயரையே வையுங்கள். நான் அதை என் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு
பூமயில்
வழக்கறிஞர்