குன்னூர்த் தண்ணீர்

மேடம்,

இன்று காலை பேக்கரியைக் கழுவும்போது, மைதா மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, நீங்கள் கடைசியாக வந்தபோது விட்டுப்போன காலி வெள்ளைக் கேன் வந்தது. மேலே ஒட்டிய தாளில் உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கிறது: 'குன்னூர்த் தண்ணீர். கொட்ட வேண்டாம்.' திறந்து முகர்ந்தேன். வெறும் பிளாஸ்டிக் வாடைதான். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. நேற்று உங்கள் மாணவி கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டாள். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு நினைவுக் கூட்டமாம். உங்களால் என் தொழிலுக்கு என்ன நன்மை என்று ஒரு பக்கம் எழுதி வந்து வாசிக்க வேண்டுமாம். கூடவே ஒன்று சொன்னாள்: "மேடம் ஆராய்ச்சிக்கு எடுத்ததுல உங்க வர்க்கி ஒண்ணுதானுங்கக்கா தோத்துப்போச்சு. எங்க தப்புப் பண்ணுனேன்னு கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க."

போனை வைத்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து நீங்கள் முதலில் வந்த நாள் நல்ல மழை. எங்கள் வர்க்கி பிஸ்கட் மூன்றாம் நாளே நமத்துப்போகிறது என்று நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, டிரேயின் மேல் கை வைத்தீர்கள்.

"ஏனுங்கக்கா, சூட்டோடவா கவர்ல போடறீங்க?"

"ஆமாங்க. ஆற வெச்சா பனி ஏறிக்குமுங்க."

"பனி வெளிய இல்லீங்க. நீங்கதான் ஆவியை உள்ள வெச்சுக் கட்டறீங்க."

அவ்வளவுதான். ஆற வைத்து, கெட்டிக் கவரில் போட்டோம். இன்று என் வர்க்கி சென்னைக்குப் போய்ச் சேர்ந்தும் மொறுமொறுவென்று இருக்கிறது. படித்தவர்கள் பேச்சு ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்திருந்த நான் அன்று வாயை மூடிக்கொண்டேன்.

அதோடு விட்டீர்களா? சில நாள் பக்குவம் தவறி, டிரே முழுக்கக் கல்லாகிவிடுமே, அது ஏன் என்று கண்டுபிடித்துத் தருகிறேன் என்றீர்கள். எல்லா அளவும் கேட்டீர்கள். மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம், வனஸ்பதி எல்லாம் சொன்னேன். நேற்றைய மாவில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்து இன்றைய மாவில் சேர்ப்போமே, மாவை உப்ப வைப்பதே அதுதான், அதை மட்டும் சொல்லவில்லை. வர்க்கி போடுகிறவர்கள் வெளியாளிடம் அதைச் சொல்வதில்லை. நாங்கள் வளர்ந்த விதம் அப்படி.

உங்கள் ஆய்வகத்தில் வர்க்கி உப்பவே இல்லை. தட்டையாக ஒன்றைக் கொண்டுவந்து காட்டி, "எதாவது விட்டுப்போச்சுங்களாக்கா?" என்றீர்கள்.

"உங்கூர்த் தண்ணி சேரலீங்க" என்று கூசாமல் சொன்னேன்.

பாவி நான்! அடுத்த வாரமே இந்தக் கேனும் இன்னொன்றுமாக வந்து நின்றீர்கள். எங்கள் குழாயில் பிடித்து, ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாக பஸ் ஏறினீர்கள். படியில் கால் வைத்தவர் திரும்பி, "தண்ணிதானுங்களா அக்கா?" என்று கேட்டீர்கள். "தண்ணியேதானுங்க" என்றேன். சிரித்தீர்கள். "சரி, தண்ணின்னா தண்ணி." அப்படி மூன்று தடவை மலையிறங்கிப் போனது எங்கள் தண்ணீர்.

அந்தச் சிரிப்புதான் இப்போது என்னைக் குழப்புகிறது. மாவு புளிப்பதையே படித்துப் பட்டம் வாங்கியவர் நீங்கள். பழைய மாவு சேர்ப்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தீர்களா? தெரியும் என்றால் ஏன் அந்தக் கனத்தைச் சுமந்தீர்கள்? தெரியாது என்றால், கடைசி வரை உங்களை அரித்த கேள்விக்கு நான்தானே காரணம்? இரண்டில் எது எனக்கு ஆறுதல் என்றுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போனவங்களுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? சும்மா நன்றின்னு நாலு வரி எழுதிட்டு வா" என்றார். அதுவும் சரிதான் என்று தோன்றுகிறது. தொழிலில் இருக்கிற மற்றவர்கள் என்னை ஏசுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. நாலு வரி எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன், அதையும் கிழித்தேன்.

இன்றைக்கும் வர்க்கி ஆறுவதற்குள் யாராவது கவரை எடுத்தால், "மேடம் திட்டுவாங்க" என்கிறேன். நீங்கள் ஒருநாளும் யாரையும் திட்டியதில்லை.

கூட்டத்துக்கான தாள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமைக்கு ஒரு சின்ன டிபன் பாக்ஸ் கழுவி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாவில் ஒரு கைப்பிடி அதில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வருவேன். கூட்டத்தில் வாசிக்க வாய் வருமோ வராதோ, உங்கள் மாணவி கையில் அதைக் கொடுத்துவிடுவேன்.

கேனைக் கொண்டுவரவில்லை. எந்த ஊர்த் தண்ணீரும் போதும், மேடம்.