போர்டு கிணற்றின் அமைதி

1943 மே 4
கிணற்றங்கரையில் இன்று பலகை மாட்டினார்கள். "இக்கிணறு சகல ஜாதியாருக்கும் பொது." நாளை பெரிய அதிகாரி வருகிறார். எங்கள் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் — என் வீட்டுக்காரர்தான் — நாலு முறை தள்ளி நின்று பார்த்துக்கொண்டார். "சேரிக்காரங்க வந்துட்டா?" என்றேன். "அவங்களுக்குப் படிக்கத் தெரியாது" என்றார்.

மே 5
அதிகாரி இளநீர் குடித்தார். பலகையை வாசித்தார். நல்ல நிர்வாகம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே 19
சேரிக் குட்டை வற்றிவிட்டது. எங்கள் கழனியில் நாற்று நடுகிற வேம்புலியம்மாள் குடத்தோடு போர்டு கிணற்றுக்கு வந்திருக்கிறாள். "எல்லாருக்கும்னு எழுதிகீதாமே" என்றாளாம். குடத்தை எட்டி உதைத்தவர் எத்திராஜ், என் நாத்தனார் புருஷன். ஏன் என்று கேட்ட அவள் புருஷன் கோவிந்தனுக்கு மண்டை உடைந்தது.

மே 20
"அடிச்சது எத்திராஜ்தானே?"
"ஊர்ல அமைதி வேணும். நீ உள்ள போ."
போனேன்.

ஜூன் 8
கேஸ் கோவிந்தன் மேல்தான் போட்டார்கள்; கோர்ட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது. ஒரு வருஷம் கலகம் செய்யாமல் இருப்பதாகக் கோவிந்தன் ஜாமீன் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். உடைந்த மண்டை சமாதானத்தைக் காப்பாற்ற வேண்டும். உடைத்தவர் அதற்குச் சாட்சி. ராத்திரி எத்திராஜுக்கு இங்கேதான் சாப்பாடு. நான்தான் பரிமாறினேன். இன்னொரு அப்பளம் கேட்டார். வைத்தேன். எனக்கென்ன வாயில் கொழுக்கட்டையா?

ஜூலை 2
அமைதி.

நவம்பர் 14
ஆவடி ராணுவக் கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள். முதலில் கோவிந்தன் போனான். இப்போது சேரியில் பாதிப் பேர் விடியுமுன் குமணன்சாவடிக்கு நடந்து லாரி ஏறுகிறார்கள், பெண்களும்தான். ஒருவரும் சத்தம் போடவில்லை. கலகம் என்று யாரும் சொல்ல முடியாது.

1944 ஜனவரி 20
நெல் முற்றிச் சாய்கிறது. அறுக்க ஆளில்லை. மாங்காட்டிலிருந்து கூட்டி வருவதாகச் சொன்ன எத்திராஜ் தனியாகத் திரும்பினார்.

கடைசியில் பிரசிடெண்ட் சேரிக்கே போனார். பெண்களிடம் பேச நான் வேண்டுமாம், கூடப் போனேன். வேம்புலியம்மாள் அவரைப் பார்க்கவில்லை.

"இன்னாம்மா, இம்மாந்தூரம்?"

"அறுப்புக்கு வரணும்" என்றார் இவர்.

"வர்றோம் சாமி. காலைல தண்ணி மொண்டு ஊட்ல வெச்சிட்டு வர்றோம்."

"எங்கேர்ந்து?"

"போர்டு கெணத்துலேர்ந்து."

இவர் தொண்டையைச் செருமினார். ஜில்லா போர்டு, சட்டம், ஊர் மனசு என்று ஏதோ ஆரம்பித்தார். "வாங்க" என்று நான் சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா? இவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

ஜனவரி 21
ராவெல்லாம் தூக்கமில்லை. எத்திராஜ் மறுபடி காலைத் தூக்கினால்? எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கிணறு இருக்கிறது. இருந்தாலும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு போர்டு கிணற்றில் போய் நின்றேன்.

சேரிப் பெண்கள் வந்தார்கள். எத்திராஜும் வந்தார். கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கழனியும் சாய்ந்துதான் கிடக்கிறது.

"எங்க கழனிக்கு எப்ப வர்றீங்க?" என்றார் வேம்புலியம்மாளிடம். வர்றீங்க! என் காதில் சரியாகத்தான் விழுந்தது.

"மொதல்ல மொண்டுக்கிறோம்" என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டு ஓரமாக நின்றார்.

வீட்டில் பிரசிடெண்ட் கலெக்டருக்கு எழுத உட்கார்ந்துவிட்டாராம், தம்முடைய முயற்சியால் ஊரில் நிரந்தர சமாதானம் ஏற்பட்டதென்று. எழுதட்டும்.

வேம்புலியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "சும்மா நிக்கிறீங்களே, இந்தக் கயித்தக் கொஞ்சம் புடிங்கம்மா."

பிடித்தேன். நல்ல கனம்.