மூச்சைப் பிடிக்கச் சொன்னவன்

8 ஜூலை 1974
இன்று ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தேன். ஒன்றைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. ஆம்பூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, உட்கார இடம் இருந்திருக்கிறது.
என் மனைவி பொன்மலர் போய் ஏழு மாதம். கல்லறையிலும் நான் அழவில்லை.

11 ஜூலை
தப்புப் பண்ணிவிட்டேன்.
முனவ்வர் பேகம், பேரணாம்பட்டு. பீடி சுற்றுகிறவர். முப்பது வயதிருக்கும். பத்து வருஷமாக முதுகுவலி, இப்போது இருமலும் சேர்ந்திருக்கிறது. ஸ்டாண்டில் நிறுத்தி, "மூச்ச இழுங்க, புடிங்க" என்றேன். ஸ்விட்சைப் போட்டேன். ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு டார்க் ரூமுக்குப் போய்விட்டேன்.
"விடுங்க" சொல்லவே இல்லை.
திரும்பி வந்தால் அந்தம்மா தரையில் கிடக்கிறார். உதடெல்லாம் வெளுப்பு. ரத்தமில்லாத உடம்பு. நான் சொல்லும் வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். புருஷன் ஜான் பாஷா என் காலரைப் பிடித்தார். "செத்திருந்தா இன்னா சொல்லுவே நீ?"
தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.
எனக்கு ஒண்ணுமே தோணல. பயம்கூட வரல. மனுஷன்தானா நான்?

12 ஜூலை
டாக்டர் ஜார்ஜ் கூப்பிட்டார். "கிருபா, ஒரு மாசம் பாக்கறேன். சரியாவலன்னா டார்க் ரூம்லயே போட்டுர்றேன். பேஷண்ட் பக்கமே வராத."
தண்டனை என்று நினைத்துச் சொன்னார். எனக்கு ஆசையாக இருந்தது. முகமே பார்க்க வேண்டாம். ஃபிலிமும் மருந்துத் தொட்டியும்தான். ஆனால் ஒருமுறை உள்ளே போனால் வெளியே வர மாட்டேன். அதுவும் தெரியும்.
"அதுவரைக்கும் ஸ்கிரீனிங்குக்கு என்கூட நில்லு" என்றார்.

15 ஜூலை
ஸ்கிரீனிங் என்றால் ஃபிலிம் இல்லாமல் உடம்புக்குள் நடப்பதைத் திரையில் நேராகப் பார்ப்பது. வெளிச்சம் ரொம்பக் கம்மி. அதற்குக் கண்ணைப் பழக்க இருபது நிமிஷம் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். படிக்க முடியாது, எழுத முடியாது. ஏழு மாதமாக நான் ஒளிந்து திரிந்தது இந்த இருபது நிமிஷத்திடமிருந்துதான்.

17 ஜூலை
வார்டு சிஸ்டர் ஜெயபுஷ்பம் வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு கண்ணாடியை எடுத்து அவரும் போட்டுக்கொண்டார்.
"உங்களுக்கு எதுக்கு சிஸ்டர்?"
"நாப்பது பெட்டுக்கு ரெண்டு பேரு. காலைல ஒரு ஆயாம்மாவ அடிக்கக் கை ஓங்கிட்டேன் கிருபா. இங்கதான் யாரும் சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட மாட்டாங்க."
"நான் இப்பக் கூப்பிட்டேனே."
சிரித்தார். இருபது நிமிஷமும் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

22 ஜூலை
இதை எப்படி எழுதுவது?
வலி வயிற்றிலிருந்து வருகிறதா என்று பார்க்க முனவ்வர் பேகத்தை மறுபடி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். என்னைப் பார்த்ததும் ஜான் பாஷா, "இந்த ஆளு வேணாம்" என்றார். அந்தம்மா, "இருக்கட்டும். இந்தவாட்டி நானே உட்டுக்கறேன், அவரு சொல்ல வேணாம்" என்றார்.
விளக்கை அணைத்தோம். திரை பச்சையாக மினுங்கியது.
ஆறு வருஷ சர்வீஸ். ஆயிரக்கணக்கில் நெஞ்சு பார்த்திருக்கிறேன். எல்லாம் நான் நிறுத்திவைத்த நெஞ்சு. மூச்சு ஓடுகிறதை இன்றுதான் கவனித்துப் பார்த்தேன். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே டயஃப்ரம் இரண்டு மேடாக இறங்குகிறது, ஏறுகிறது. அதன் மேல் இருதயம் சாய்ந்துகொண்டு கூடவே போகிறது. யாரும் சொல்லாமலே.
திரும்பிப் படுக்கச் சொன்னபோது வலி வந்துவிட்டது. டயஃப்ரம் அப்படியே நின்றது. டாக்டர் வயிற்றை அழுத்தியிருந்த கையை எடுத்தார். "இருங்க சார், பாத்துக்கறேன்" என்றது அந்தம்மாவின் குரல். நின்றது கொஞ்சம் அசைந்தது. பிறகு இறங்கியது, வலியோடேயே.
வெளியே வந்ததும் அந்தம்மாவிடம் கேட்டேன், வலி வந்தப்ப என்ன பண்ணினீங்க என்று.
"மொதல்லாம் போ, போன்னு தொரத்துவேன். ஜாஸ்தியாச்சு. ஒரே பேஜார். இப்ப வந்தா, எங்க ஒக்கார்ற, எவ்ளோ பெருசுன்னு பாப்பேன். போவாது சார். ஆனா என்னைத் தூக்கினு போவாது."

23 ஜூலை
சிவப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து நானும் தேடினேன். எனக்கு வலி எங்கே? ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லைக்கு ஒரு இடம் இருக்கிறது. தொண்டைக்குக் கீழே, இரண்டு விரல் அகலம். அங்கேயே இருந்தேன்.
நிமோனியாவில் பொன்மலருக்குக் கடைசியாக நான்தான் படம் எடுத்தேன். மூச்சைப் பிடிக்க அவளால் முடியவில்லை. "ஆடாதன்னு சொல்றேன்ல" என்று அதட்டினேன். படம் கலங்கிப்போனது. கெட்டுப்போன படம் என்றே இத்தனை நாளும்...
அது அவ மூச்சு. அவ மூச்சுதான் அதுல ஓடியிருக்கு. கெட்டுப்போகல.

24 ஜூலை
இரண்டு விரல் நான்கு விரலாயிற்று. வலிக்கிறது.

2 ஆகஸ்ட்
ஜெயபுஷ்பம் சிஸ்டர் தினமும் வருகிறார். நேற்று இன்னும் இரண்டு நர்ஸுகளைக் கூட்டிவந்தார். ஸ்டூல் போதவில்லை. தரையில் உட்கார்ந்தார்கள்.

12 ஆகஸ்ட்
மாதம் முடிந்தது. "இன்னாப்பா, டார்க் ரூமா?" என்றார் டாக்டர்.
"வேணாம் சார்" என்றேன்.
"சரி, வெளிய ஒரு கொழந்த கத்தினு இருக்கு, போய் எடு."
பத்து மாதக் குழந்தை. அப்பன் டேனரியில் வேலை, ஷிஃப்டிலிருந்து நேராகத் தூக்கி வந்திருக்கிறான். குழந்தையிடம் மூச்சைப் பிடி என்றால் பிடிக்குமா? முன்பெல்லாம் குத்துமதிப்பாக ஸ்விட்சைப் போடுவேன். பாதிப் படம் வீணாகும். இன்று ஒன்றும் செய்யாமல் அந்தச் சின்ன நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீறிட்டு அழுகிறது, விலா ஒட்டிப்போகிறது. அடுத்த அழுகைக்காக உள்ளே இழுக்கிறது. இழுத்து முடித்து அழத் தொடங்கும் முன்னால், ஒரு நொடிகூட இருக்காது, எல்லாம் நிற்கிறது. எவ்வளவு பெரிய இடம் அது.
அங்கே எடுத்தேன். துல்லியமாக வந்திருந்தது.
அப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினான். குழந்தைக்கு என்று நினைத்து வாங்கினேன். அவன் தலையை ஆட்டி, என் முகத்தைக் காட்டினான்.