நான் மூடிய மண்

குழாய்த் தண்ணீர் இன்று வரவில்லை. கிணற்று மோட்டாரைப் போட்டு, அந்த உப்பு நீரிலேயே துவரம்பருப்பை வைத்தேன். எட்டு விசில் வந்தும் பருப்பு பருப்பாகவே இருந்தது. குக்கரைத் திறந்து நின்றபோது உங்கள் நினைவு வந்தது. நீங்கள் மறைந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்கள் கீழ்வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

அடையாறில் இந்தக் குடியிருப்புக்கு நாம் இருவரும் ஒரே மாதத்தில்தான் வந்தோம். அப்போது கட்டடத்தைச் சுற்றி வெறும் மண். கிணற்று நீரில் காபி போடலாம். மழையில் சேறாகிறது, கார் நிறுத்த முடியவில்லை என்று சிமெண்ட் போடும் பேச்சு எழுந்தது. ஏழு வீடுகளில் ஆறு சரிபாதியாகப் பிரிந்து நின்றன. ஏழாவது வீடு என்னுடையது; செயலாளரும் நான்.

"ஏன் டீச்சர், சிமெண்டு தண்ணி குடிக்குமாக்கும்?" என்றீர்கள். "மழை உள்ள இறங்கலன்னா கடல் தண்ணி ஏறிரும். எங்க திருச்செந்தூர்ப் பக்கம் கண்டதுதான்."

"இங்கேயும் அப்படித்தான் ஆகும்னு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டேன். கல்லூரியில் வேதியியல் நடத்துகிற பழக்கம். ஆதாரம் உங்களிடம் இல்லை. சிமெண்டுக்கு நான் கையைத் தூக்கினேன்.

அந்த ஐப்பசி மழை அரை மணி நேரத்தில் தெருவுக்கு ஓடிவிட்டது. செருப்பில் சேறு இல்லை. எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

மூன்றாவது கோடையில் ஒரு கிண்ணத்தோடு மாடியேறி வந்தீர்கள். உள்ளே கிணற்று நீரில் வேகாத பருப்பு. "இந்தாங்க டீச்சர், நீங்க கேட்ட ஆதாரம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். தெரு முழுக்க ஆழமாகப் போர் போட்டிருக்கிறார்கள், சிமெண்ட் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றேன். அது உண்மைதான். ஆனால் நான் அதை ஒளிந்துகொள்ளத்தான் சொன்னேன்.

இப்போது இந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். மதில் முதல் மதில் வரை, தரைக்கடியில் கார் நிறுத்துமிடம். மழைத் தண்ணீர் எங்கே இறங்கும் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்டேன்.

"டிரெயினேஜ்ல போயிடும் மேடம், ஒரு சொட்டு நிக்காது" என்றார் பில்டர்.

"அப்போ கிணறு?"

"அது எதுக்கு மேடம், லாரி இருக்கே!"

பின்பக்கம் ஒரு பட்டை மண்ணாவது விடுங்கள் என்றேன். அதனால் கிணறு தேறும் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி.

ஆறு கையெழுத்து ஆகிவிட்டது. ஏழாவது இல்லாமல் வேலை தொடங்காதாம். தினமும் யாராவது வந்து மணி அடிக்கிறார்கள். அந்தப் பட்டை வரைபடத்தில் வரும்வரை நான் கையெழுத்திடப்போவதில்லை. உறுதியாகத் தெரியாதபோது மண்ணை மூடக் கூடாது. உங்களிடமிருந்து இதை மிகத் தாமதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.