பின் சீட்டுக்கு வந்த புகை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக வேலைக்குப் போய்வருவாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று பார்த்தேன், கை ஓடவில்லை, இப்போதைக்குக் குறையில்லை என்று வைத்துக்கொள்.

உன் தங்கைக்கு இது எட்டாம் மாதம். மாப்பிள்ளை கப்பலில் இருப்பதால் பிரசவம் வரைக்கும் இங்கேதான், அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நம் பழைய காரை விட்டால் வேறு கதியில்லை. அந்தக் காரில் கொஞ்ச நாளாகவே ஸ்டார்ட் செய்ததும் அடியிலிருந்து புஸ் புஸ் என்று சத்தம், போகப் போக அதுவே லாரி மாதிரி உறும ஆரம்பித்தது. நான் சொன்னால் உன் அப்பா, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே, நீயா எதையாவது கிளப்பாத" என்கிறார். காலமெல்லாம் அச்சு மெஷின் பக்கத்தில் நின்ற காது, அதற்கு என்ன கேட்கும். எதிர்வீட்டுக்காரர் வந்து சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார். சைலன்சர் குழாய் இரண்டும் சேருகிற இடத்தில் துரு ஏறிப் பொத்தல் விட்டிருந்தது. ஒரு தகர டின்னை வெட்டி அதில் சுற்றி, கம்பியை முறுக்கிக் கட்டினார். சத்தம் அடங்கியது, அவருக்கு அது போதும், எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்றால் காரில் ஏறினாலே உன் தங்கைக்குத் தலை சுற்றியது. மாசமாக இருப்பவளுக்கு இதெல்லாம் சகஜம் என்றார்கள், டாக்டரம்மாவும் ரத்தம் ஊறுவதற்கு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குகிறவள் காரில் மட்டும் ஏன் இப்படித் துவள்கிறாள் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

போன வாரம் நல்ல மழை, கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தோம். உன் அப்பா ஓட்ட, நான் முன்னால், அவள் பின் சீட்டில். ரயில்வே கேட்டில் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, நாங்களும் என்ஜினை அணைக்காமல் நின்றோம். எனக்கே நெற்றி விண்விண் என்று தெறித்தது. திரும்பிப் பார்த்தால் அவள் தலை சாய்ந்து, வாய் திறந்து கிடக்கிறாள். கூப்பிட்டேன், தட்டினேன், அசைவில்லை. எங்கிருந்து எனக்கு அவ்வளவு பலம் வந்ததோ, மழையிலேயே அவளை இழுத்து வெளியே உட்கார வைத்துவிட்டேன். பின்வண்டிக்காரர் ஓடிவந்து குடை பிடித்தார். வெளிக்காற்று பட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் கண்ணைத் திறந்து, "ஏம்மா என்னை நனைய வைக்கிற" என்று கேட்டாள். எனக்குப் போன உயிர் வந்தது. அந்தக் காரில் மறுபடி ஏற்ற மனசு வரவில்லை. காரை உன் அப்பாவிடம் விட்டுவிட்டு, குடை பிடித்தவர் வண்டியிலேயே ஆஸ்பத்திரி போனோம். நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்து, ஆக்சிஜன் வைத்து, அன்று முழுக்கப் படுக்க வைத்தார்கள். வண்டிப் புகைதான் உள்ளே வந்திருக்கிறது, அதில் வாசனையே இல்லாத விஷம் ஒன்று உண்டாம். குழந்தையின் துடிப்பு சரியாக இருக்கிறது என்று அவர் சொல்லும்வரை நான் அந்த வராந்தாவில் நடந்த நடை எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை வண்டியை வாசலில் ஸ்டார்ட் செய்து, சூடேறுமுன் உன் அப்பாவைக் குனிய வைத்து, அந்த இணைப்புக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டச் சொன்னேன். தகரமெல்லாம் எரிந்து உதிர்ந்திருந்தது. புகை கையில் வந்து அடித்தது. எழுந்து போய் டிக்கியில் விரித்த பாயைத் தூக்கினார். அடித்தகட்டில் இருந்த ரப்பர் மூடி எப்போதோ விழுந்திருக்கிறது, ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது.

மெக்கானிக் வந்து, முழு சைலன்சரையும் மாற்ற வேண்டும் என்றான். பிரசவத்துக்கு எடுத்து வைத்த பணத்தைத் தொட்டால்தான் அது நடக்கும். உன் அப்பா ஸ்பேனரால் குழாய் நெடுகத் தட்டிக் காட்டி, "இந்த ஒரு முழந்தானே போயிருக்கு, மிச்சம் கெட்டியா இருக்கே" என்று விடாமல் கேட்க, அவனும் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு வழி சொன்னான். துரு தின்ற துண்டை அறுத்துவிட்டு, சற்றே பெரிய குழாயை மேலே சொருகி, சுற்றிலும் வெல்டிங் வைத்துவிடலாம் என்று. போல்ட்டுகள் அசையவே இல்லை, எண்ணெய் ஊற்றி ஊற வைத்தும் ஒன்று உடைந்தது. எல்லாம் முடிந்து, கசிகிறதா என்று பார்க்க வண்டியை ஸ்டார்ட் செய்து, பின்னால் குழாய் வாயில் ஈரத்துணியால் புகையை மறித்துப் பிடித்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் பூசினார்கள். ஓரிடத்தில் நுரை கொப்பளித்தது. "இதெல்லாம் கரி படிஞ்சு தானா அடைஞ்சிடும்மா" என்றான். பிள்ளைத்தாச்சி உட்காருகிற வண்டி, இன்னொரு தடவை வெல்டிங் வை என்று நான் நகராமல் நின்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வைத்தான், அப்புறம் நுரை வரவில்லை. டிக்கி ஓட்டைக்கும் புது ரப்பர் போட்டாயிற்று.

நேற்றுதான் அவளை மறுபடி ஏற்றினோம். கண்ணாடியெல்லாம் இறக்கித்தான் வைத்திருந்தேன். பின் சீட்டில் அவளோடு நானும் உட்கார்ந்தேன். பாதி வழியில் அவள் கண் மூடியது, நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள், மறுபடி உலுக்கினேன். மூக்கருகே விரலை வைத்தும் பார்த்தேன். கடைசியில் கண்ணைத் திறக்காமலே, "அம்மா, இது மயக்கம் இல்ல, தூக்கம். ராத்திரியெல்லாம் உன் பேரன் உதைக்கிறான், இப்பயாவது தூங்க விடு" என்று என் மடியில் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசல் வரை தூங்கினாள். நான்தான் அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நீ நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்கிறார். உன் ஊர்க் குளிரில் நீயும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் ஓட்டுவாய், இதைப் படித்ததும் ஒரு மெக்கானிக்கிடம் உன் வண்டியின் அடியைப் பார்க்கச் சொல். போனில் விவரமெல்லாம் வேண்டாம், உன் தங்கை பக்கத்தில் இருந்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். பாத்தாச்சு என்று ஒரு வார்த்தை சொல், எனக்குப் புரியும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா